காபன் டிப்ளோமாவுக்குக் காசு கட்டலாமா? அக்கரைப்பற்றுத் தாய்க்கு ஒரு பதில்

மதிப்புக்குரிய அம்மா,

உயர்தரத்தில் உயிரியல் படித்த மகன் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும் இவ்வேளையில், ஆறு மாதக் காபன் வர்த்தக டிப்ளோமா ஒன்றுக்கு நகையை அடகு வைத்துக் காசு கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்ட வேண்டாம், ஆனால் மகனின் ஆசையை மறிக்கவும் வேண்டாம்.

வளர்ந்துவரும் நாடொன்றின் திட்டத்தால் வளிமண்டலத்தில் சேராமல் தடுக்கப்பட்ட ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு, அல்லது அதற்குச் சமமான வேறு வாயுவுக்கு, வழங்கப்படும் சான்றே காபன் கிரெடிட். அதை வெளிநாட்டு அரசுகளும் கம்பனிகளும் தங்கள் வெளியேற்றத்துக்கு ஈடாக வாங்குகின்றன. 1997 இன் கியோட்டோ காலநிலை உடன்படிக்கையில் உருவான இந்த ஏற்பாடு, இப்போது 2015 இன் பரிஸ் உடன்படிக்கையின் 6 ஆம் உறுப்புரைக்குள் வந்திருக்கிறது. இடையில், 2008 இல் 20 யூரோவைத் தாண்டியிருந்த கியோட்டோ கிரெடிட்டின் விலை, 2012 முடிவில் 1 யூரோவுக்கும் கீழே விழுந்தது. வாங்கி விற்க மட்டும் தெரிந்தவர் அந்த வருடம் என்ன செய்திருப்பார்?

அளப்பதும் சரிபார்ப்பதும் தெரிந்தவருக்கே இதில் பிடிமானம் உண்டு. உங்கள் வயலையே எடுங்கள். வட்டையில் தண்ணீர் இடைவிடாமல் நின்றால், காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மெதேனை உண்டாக்கும். நூறு வருடக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டக் கூடியது. துளையிட்ட குழாயொன்றை மண்ணில் இறக்கி, அதற்குள் நீர்மட்டம் மண்மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே போன பிறகே வக்கடையைத் திறந்து மறுபடி தண்ணீர் விட்டால் மெதேன் குறையும். எவ்வளவு குறைந்தது என்று காட்டுவதற்கு, பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, ஊசிக்குழாயால் வாயுவை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். திட்டம் வருமுன் அந்த வயலுக்கு எப்படித் தண்ணீர் கட்டினார்கள் என்பதற்கும் பதிவு வேண்டும், ஏனென்றால் முன்பே காயவிட்டுவந்த வயலுக்குக் கிரெடிட் கேட்க முடியாது. விதிகளுக்கு ஒத்துப்போகாத சீனாவின் 37 நெல்வயல் திட்டங்களை 2024 இல் வெரா என்ற காபன் கிரெடிட் பதிவு நிறுவனம் நிராகரித்தது.

ஆகவே, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாயக் கற்கையை விண்ணப்பத்தில் முன்னுக்குப் போடச் சொல்லுங்கள். இசட் புள்ளி இடம் தராவிட்டால், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடமும் நல்ல தெரிவே. மண்ணியலும் புள்ளிவிபரவியலும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பழக்கமும் கைவந்த பிறகு, இவ்வாயுக்களைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 14064 என்ற சர்வதேச நியமத்தைப் படிக்கச் சில வாரங்கள் போதும். முதல் வேலை காபன் என்ற பெயரில் வராமல், வெளிக்கள உத்தியோகத்தராகவே வரலாம்; அதற்கு மனதைத் தயார்படுத்துங்கள்.

டிப்ளோமாக்காரர் மறுபடி அழைத்தால், பயிற்சி நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரச அமைப்பான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவிலக்கத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.