அறுத்துப் பார்த்த கெபாசிட்டர்

அன்புள்ள ஐயாவுக்கு,

என்ன படிக்கவைப்பது என்று கேட்க நீங்களும் அம்மாவும் மகளை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தபோது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எந்தக் கல்லூரி, எவ்வளவு கடன் என்பதுதான் மிச்சம். அவளுடைய பெரியப்பா மகன் அதே படிப்பைப் படித்து நன்றாக இருக்கிறான் என்று மூன்று தடவை சொன்னீர்கள். அவள் வாயே திறக்கவில்லை. யாரும் சொல்லாமல் நீயாகச் செய்த வேலை ஏதாவது உண்டா என்று நான்தான் கேட்டேன். "ஃபேன் மெதுவாச் சுத்துச்சு, கெபாசிட்டரை மாத்தினாங்க. பழசை அறுத்துப் பார்த்தேன். உள்ளே வெறும் பிளாஸ்டிக் சுருள்தான் இருந்துச்சு. அது ஏன் கெட்டுப்போச்சுன்னு யாருக்கும் தெரியலை" என்றாள்.

பதற்றப்படாதீர்கள் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அது போதும். இன்றைக்கு வேறு விஷயம்: அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணை நீங்கள் தவறான வாசலில் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

முதலில் அவளுக்குப் பதில். அந்தச் சுருள் பாலிப்ரொப்பிலீன். அதை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துச் சில மைக்ரான் தடிமனுக்குக் கொண்டுவருகிறார்கள்; தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன்மேல் அலுமினியத்தையோ துத்தநாகத்தையோ ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். அந்த உலோகப் பூச்சு சில பத்து நானோமீட்டர்தான். படலத்தில் பலவீனமான ஓர் இடத்தில் மின்சாரம் துளைத்துக்கொண்டு போனால், அங்கே எழும் பொறி ஓட்டையைச் சுற்றியுள்ள உலோகத்தை ஆவியாக்கிவிடும். ஓட்டை தனிமைப்பட்டுப்போகும், கெபாசிட்டர் பிழைத்துக்கொள்ளும். தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்வது போலத்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு போய்விடுகிறது. உள்ளே ஈரம் புகுந்தால் அதுவும் பூச்சை அரிக்கும். வருடக்கணக்கில் இப்படிக் கொள்திறன், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் அளவு, குறையக் குறைய, ஃபேன் சோம்பேறியாகிறது.

அவள் தேடிய பதிலில் பாதி வேதியியல், பாதி மின்னியல் என்பதைக் கவனித்தீர்களா? பிளாஸ்டிக் போல நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருளைப் பாலிமர் என்பார்கள். பாலிமர் வேதியியலும் மின்பாகப் பொறியியலும் சந்திக்கும் அந்த இடத்தில் தனியாக ஒரு வாழ்க்கைத்தொழில் இருக்கிறது. நம்மில் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

மருத்துவம், கம்ப்யூட்டர் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆட்கள் நிறைய. நான் இதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பாலிஎத்திலீன் 1933-இல் இங்கிலாந்தில் ஐசிஐ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில், வேறு எதையோ செய்யப்போய்த் தற்செயலாகக் கிடைத்தது. சில ஆண்டுகளில் போர்க்கால ரேடார் கேபிள்களுக்கு அதுதான் உறையானது. சூட்டில் இளகிவிடும் என்பது அதன் குறை. அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்தார்கள். இன்றைய மின்கேபிள் உறை 90 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து உழைக்கிறது. அப்புறம் ஈரமண்ணில் புதைத்த கேபிள்களின் உறைக்குள் மரக்கிளை போல நுண்ணிய விரிசல்கள் வளர்ந்து, காலத்துக்கு முன்பே அவற்றைக் கெடுத்தன. அதை அடக்கியதும் உறையின் கலவையை மாற்றித்தான்.

இன்னொன்று, தானே மீளும் ஃப்யூஸ். பாலிஎத்திலீனில் கரித்தூளைக் கலந்து செய்வது. மின்னோட்டம் மிஞ்சினால் சூடேறி, பாலிமர் உருகி விரியும். கரித்துகள்கள் விலகி வழி அடைபடும். ஆறினால் மறுபடி வழி திறக்கும். மாற்றவே வேண்டாம்.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்று நாம் படித்ததும் முழு உண்மையில்லை. 1967-இல் ஜப்பானில் ஷிராகாவா வேலை பார்த்த ஆய்வகத்தில் பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரைச் செய்யும்போது வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள். வெள்ளிபோல மினுங்கும் படலம் கிடைத்தது. பத்து ஆண்டு கழித்து ஷிராகாவா அமெரிக்காவில் மெக்டயர்மிட், ஹீகர் இருவரோடும் சேர்ந்து அதே பொருளில் அயோடினை ஏற்றியபோது கடத்துதிறன் கோடி மடங்கு எகிறியது. மூவருக்கும் 2000-இல் வேதியியல் நோபல். ஹீகர் இயற்பியலாளர், மற்ற இருவரும் வேதியியலாளர்கள். அந்த வழியில் வந்த கடத்தும் பாலிமர்களை வைத்துச் செய்த கெபாசிட்டர்கள் கணினித் தாய்ப்பலகைகளில் உட்கார்ந்திருக்கின்றன. பெரியப்பா மகனிடம் சொல்லிப்பாருங்கள்.

எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டதா என்றால், இல்லை. மின்வாகனங்களில் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி சூடாகிற இடம். பாலிப்ரொப்பிலீன் படலம் 105 டிகிரியை நெருங்கும்போதே திணறுகிறது. பாலிஇமைடு என்ற இன்னொரு பிளாஸ்டிக் அதைவிட எவ்வளவோ சூடு தாங்கும், ஆனால் பொறி பட்டால் கரியை விட்டுவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும், புண் ஆறாது. சூடும் தாங்க வேண்டும், தானே ஆறவும் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கப் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, கசப்பையும் சொல்கிறேன். இளநிலைப் பட்டத்தோடு நின்றால் பெரும்பாலும் தரச்சோதனை வேலைதான். முதல் சம்பளம் பெரியப்பா மகனுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வேதியியலோ பாலிமர் தொழில்நுட்பமோ படித்து, மின்காப்புப் பொருள் ஆய்வகம் உள்ள இடத்தில் முதுநிலையும் முடித்தால்தான் இந்தத் துறை திறக்கும். காப்புரிமை வேலை என்று ஒரு கிளை உண்டு, எழுதவும் வாதாடவும் பிடித்தவர்களுக்கு. காப்புரிமைக்கு ஆயுள் பொதுவாக 20 ஆண்டு. எதைக் கோருவது, எதை விடுவது என்று வார்த்தை வார்த்தையாகத் தீர்மானிக்க வேதியியலும் மின்னியலும் புரிந்தவர் வேண்டும்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். படலம் இழுக்கும் இயந்திரம் இருக்கிறதா, மின்துளைப்புச் சோதனைக் கருவி இருக்கிறதா, இளநிலை மாணவர் அதைத் தொடலாமா? இந்த மூன்றையும் கேளுங்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காட்டினால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

பணத்தில் மட்டும் நான் இறங்கிவரப் போவதில்லை. வீட்டை அடமானம் வைத்துக் கம்ப்யூட்டர் இடம் வாங்குவது வேண்டாம். வீட்டை அடமானம் வைத்து நான் சொன்ன படிப்பில் சேர்ப்பதும் வேண்டாம். கடன் வாங்கியே ஆகவேண்டுமென்றால், வகுப்பில் நடுவில் இருக்கும் மாணவரின் முதல் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். விளம்பரத்தில் சிரிக்கும் முதல் மாணவரின் சம்பளத்தை வைத்துப் போடாதீர்கள்.

அவளை ஒரு மாதம் விட்டுப்பிடியுங்கள். ஒரே சோதனையை நாற்பது தடவை செய்து நாற்பது எண்களை எழுதும் பொறுமை அவளுக்கு உண்டா என்று அவளே பார்க்கட்டும். இல்லையென்று அவள் சொன்னால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம், எனக்கு வருத்தமில்லை. பெரியப்பா சொன்னால் கிழிக்கக் கூடாது.

அடுத்த முறை அவள் மட்டும் உள்ளே வரட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். அறுத்த கெபாசிட்டரையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அறுப்பதற்கு முன் அதில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கினாளா என்று கேட்க மறந்துவிட்டேன். அதை மட்டும் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.