முதல் ஐந்து வாரப் பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம். இன்டர்ன்ஷிப்பில் இது ஆறாவது வாரம். தினமும் ரிஃப்ளெக்டிவ் ஜர்னல், அதாவது அன்றைய வகுப்பில் நடந்ததை யோசித்துப் பார்க்கும் குறிப்பேடு, எழுத வேண்டும். முதல் ஐந்து வாரமும் வீண்வேலை என்று நினைத்து, சீனியர் ஒருவரின் ரெக்கார்டைப் பார்த்துச் சனிக்கிழமை இரவில் மொத்தமாக எழுதினேன். போன திங்களன்று ஆறாம் வகுப்பில் ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தான். அதை மட்டும் அன்றே எழுதிவைத்தேன். எழுதும்போதுதான் அவன் என்ன செய்திருக்கிறான் என்று புரிந்தது. இப்போது எழுதப் பிடிக்கிறது. ஆனால் எப்படி எழுதுவது? தவறுகளை அப்படியே எழுதினால் மதிப்பெண் குறையாதா? பழைய பக்கங்களை மாற்றி எழுதிவிடலாமா?

ந.

அன்புள்ள ந.,

ஐந்து வாரம் மதிப்பெண் போடுபவருக்காக எழுதினீர்கள். திங்களன்று ஒரு பையனைப் பற்றி எழுதினீர்கள். மனம் மாறியது அதனால்தான். ‘மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர், நோக்கம் நிறைவேறியது’ என்ற வரியை எந்தப் பாடத்துக்கும் எழுதலாம். மறுநாள் வகுப்புக்கு அதிலிருந்து எடுத்துப்போக ஒன்றுமில்லை. 2/5-இல் நிறைய இருக்கிறது.

அவன் கவனக்குறைவால் தவறவில்லை. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் ஒழுங்காகக் கூட்டியிருக்கிறான். 1/2 என்பது ஒரே எண் என்று அவனுக்கு இன்னும் படவில்லை. இரண்டு எண்களாகத் தெரிகிறது. ‘பகுதியைச் சமமாக்கு’ என்று விதியைத் திருப்பிச் சொன்னால் இந்தக் கணக்கு சரியாகும், அடுத்த வாரம் அதே தவறு திரும்பி வரும். 30 செ.மீ. காகிதப் பட்டை ஒன்றைக் கொடுங்கள். அதில் பாதி 15, ஐந்தில் இரண்டு 12. பாதியோடு ஒன்றைச் சேர்த்தபின் பாதியைவிடக் குறையுமா என்று அவனையே கேளுங்கள். பிறகு மூன்றில் ஒன்றை அளக்கட்டும்: 10. 15-உம் 10-உம் 25; முப்பதில் இருபத்தைந்து, அதாவது 5/6.

குறிப்பையும் இந்த வரிசையிலேயே எழுதுங்கள். பிள்ளை எழுதியது அல்லது சொன்னது, அவன் வார்த்தையிலேயே. அப்போது நீங்கள் செய்தது. ஏன் அப்படி வந்தது என்ற உங்கள் ஊகம். நாளை செய்யப்போவது. ஒரு நாளுக்கு ஒரு நிகழ்ச்சி, பதினைந்து நிமிடம் போதும். வலப்பக்கத்தில் மட்டும் எழுதி இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். மறுநாள் செய்து பார்த்தபின் என்ன ஆனது என்பதைத் தேதியிட்டு, வேறு நிற மையில் அங்கே எழுதுங்கள். இடப்பக்கம் காலியாகவே கிடந்தால் ஊகத்தை நீங்கள் இன்னும் சோதிக்கவில்லை என்று பொருள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். மா1, மா2 போதும், ரெக்கார்டு பல கை மாறும்.

சனிக்கிழமை எழுத்தின் கோளாறு சோம்பல் அல்ல. பிள்ளை சொன்ன சொல் அன்று மாலையே மறந்துபோகிறது. அந்த இடத்தில் உங்கள் விளக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றும் நடக்காத நாளில் இரண்டு வரியோடு நிறுத்துங்கள். ஊதிப் பெருக்க வேண்டாம்.

இப்படி யோசித்து எழுதுவதற்குக் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த ஆறு படிகளை உங்கள் கல்லூரி கேட்கலாம்: நடந்தது, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த செயல். நல்ல வரிசைதான். ஆனால் பலரும் உணர்வுக்கு அரைப்பக்கமும் பகுப்பாய்வுக்கு ஒரு வரியும் ஒதுக்குகிறார்கள். ‘மகிழ்ச்சியாக இருந்தது’ யாருக்கும் உதவாது. நீங்கள் செய்ததை விளக்கும் உணர்வென்றால் எழுதுங்கள்: மணி அடிக்கப் போகிறதே என்ற பதற்றத்தில் அவன் யோசிக்குமுன் விடையை நானே சொல்லிவிட்டேன் என்பதுபோல.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். தவறை மட்டும் எழுதினால் அது குற்ற ஒப்புதல் போலிருக்கும். தவறு, ஊகம், மறுநாள் விளைவு மூன்றும் ஒரே விரிப்பில், அதாவது நோட்டைத் திறந்தால் தெரியும் இடம் வலம் இரு பக்கங்களில், இருந்தால் அது நீங்கள் கற்றதற்கான சான்று. அப்படி ஒரு விரிப்பை இந்த வாரமே வழிகாட்டியிடம் காட்டி, இப்படி எழுதலாமா என்று நேரிலேயே கேட்டுவிடுங்கள். கையெழுத்தின் அழகைப் பார்த்து மட்டும் மதிப்பெண் போடுவது மாணவருக்குச் செய்யும் அநியாயம். வழிகாட்டி ஒருவர் இதைப் படித்தால், கையொப்பத்தோடு ஓரத்தில் ஒரு கேள்வியும் எழுதும்படி வேண்டுகிறேன்.

பழைய பக்கங்களை மாற்றாதீர்கள். அந்த ஐந்து வாரப் பாடங்களின் வீட்டுப்பாட நோட்டுகள் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கும். வாங்கிப் பாருங்கள். மூன்று நான்கு நோட்டில் ஒரே தவறு தென்பட்டால், இன்றைய தேதியைப் போட்டு அதை எழுதுங்கள்.