பிரிக்லின் காருக்குப் பெயின்ட் அடித்து விற்கலாமா?

கேள்வி: மாமனார் விட்டுப்போன 1975 பிரிக்லின் எஸ்வி-1 கார் ஒன்டாரியோவில் எங்கள் கராஜில் நிற்கிறது. ஓடுகிறது, ஆனால் பச்சை நிறம் மங்கிவிட்டது, இரண்டு இடத்தில் வெடிப்பு. பெயின்ட் அடித்து விற்றால் நல்ல விலை வருமா? எங்கே விற்பது?

பதில்:

தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள். இந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வரும்போதே பெயின்ட் இல்லாமல்தான் வந்தது. வெளிப்பக்கம் முழுக்க ஃபைபர்கிளாஸோடு சேர்த்து ஒட்டிய அக்ரிலிக், நிறம் அந்த அக்ரிலிக்கிலேயே கலந்திருக்கும். வெள்ளை, சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, மணல் நிறம் என்று ஐந்தே நிறங்கள்தான். வெடிப்பைச் சரிசெய்வது கஷ்டம் என்பதால் பலர் பிறகு பெயின்ட் அடித்துவிட்டார்கள், அதனால்தான் அடிக்காத கார் கிடைத்தால் தெரிந்தவர்கள் விடமாட்டார்கள். மங்கலை நல்ல பாலிஷ் போட்டு நிதானமாகத் தேய்த்தாலே பெரும்பாலும் எடுத்துவிடலாம். வெடிப்பை மறைக்க வேண்டாம், கிட்ட வைத்துப் படம் எடுத்து விளம்பரத்தில் முதலிலேயே போடுங்கள்.

நானும் இங்கே ஒரு ஆரஞ்சு 1975 பிரிக்லினை வைத்திருந்து விற்றவன்தான். வாங்க வந்தவர் என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை, 1975 காரில் இருப்பது ஃபோர்டின் 351 வி8, பாகம் எங்கும் கிடைக்கும். அவர் நேராகத் தரையில் படுத்து, டார்ச் அடித்து, ஸ்குரூடிரைவர் பிடியால் சேசிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். மேலே இருப்பது துருப்பிடிக்காது, ஆனால் அடியில் இருப்பது இரும்பு, கனடாவின் உப்புச் சாலை அதைச் சும்மா விடாது. அதனால் காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். துரு இருந்தாலும் சரி, ஒளிக்காமல் காட்டுங்கள்.

அப்புறம் கதவு. இறக்கைபோல் மேலே எழும் அந்தக் கதவு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 கிலோ. அதைத் தூக்க ஹைட்ராலிக் பம்ப் வைத்தார்கள், அது பேட்டரியை உறிஞ்சித் தள்ளும். அந்தக் காலத்திலேயே இந்தக் காரைப் பற்றி வந்த புகார்களில் பெரிய புகார் இதுதான். பிறகு பலரும் காற்றழுத்தத்தில் இயங்கும் அமைப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். உங்கள் காரில் எது இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். காசு செலவழிப்பதென்றால் இங்கே மட்டும் செலவழியுங்கள், கதவு ஒழுங்காக ஏறி இறங்குவதை ஒரே ஷாட்டில் வீடியோ எடுத்துப் போட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

விலை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மால்கம் பிரிக்லின், அதற்கு முன் சுபாருவை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர், கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாண அரசின் பணத்தோடு செயின்ட் ஜானில் இந்தக் காரைக் கட்டினார், 1975 செப்டம்பரில் எல்லாம் முடிந்துவிட்டது. மொத்தம் 3,000 கார்கூட வெளியே வரவில்லை. இதைக் கேட்டதும் கோடீஸ்வரர் ஆகிவிட்டோம் என்று தோன்றும், ஆனால் கார் அரிதாக இருந்தால் போதாது, அதைத் தேடுகிறவனும் வேண்டும், பிரிக்லினைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். விளம்பரத்தில் அவரவர் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், ப்ரிங் எ ட்ரெய்லர் போன்ற ஏலத் தளங்களில் உண்மையிலேயே விற்று முடிந்த விலையைப் பாருங்கள். வீட்டு வாசலுக்கு வந்து "பழைய கார், ஏதோ தருகிறேன்" என்று சொல்லும் தரகருக்குக் கொடுக்க அவசரப்படவும் வேண்டாம். பிரிக்லின் இன்டர்நேஷனல் என்று உரிமையாளர் சங்கமே இருக்கிறது, முதலில் அங்கே சொல்லுங்கள். மாமனார் வைத்திருந்த பழைய ரசீது, கையேடு, உதிரிப் பாகம் எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதற்கும் மதிப்பு உண்டு.

காகித வேலை: உயில் பத்திரங்களைக் கொண்டு ஓனர்ஷிப்பை ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் விளம்பரமே போட வேண்டும். ஒன்டாரியோவில் தனியார் விற்றால் யுவிஐபி என்ற, காரின் பதிவு விவரங்கள் அடங்கிய அரசாங்கக் கோப்பும் வாங்கிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஆள் கேட்டால் தயங்காதீர்கள், 25 வருஷம் தாண்டிய கார் என்பதால் அவர்களுடைய பாதுகாப்பு விதிகள் குறுக்கே வராது. பேங்க் டிராஃப்ட் கொடுத்தால், அதை வழங்கிய வங்கிக்கே போய் உறுதிசெய்த பிறகு சாவியைக் கொடுங்கள்.