எழுத்துபூர்வக் கேள்வியால் ஓர் அமைச்சகத்தை உண்மையிலேயே பிடிக்க முடியுமா?

கேள்வி: எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வமாகக் கேள்வி கேட்பதால் ஏதாவது நடக்கிறதா? "தகவல் இல்லை" என்று அமைச்சகம் ஒரே வரியில் முடித்துக்கொண்டால் அடுத்து என்ன செய்ய முடியும்?

நடக்கிறது. ஆனால் கேள்வியை எழுதும் விதத்திலும், பதில் வந்த பிறகு அதை விடாமல் துரத்துவதிலும்தான் எல்லாம் இருக்கிறது. கேட்டுவிட்டு, வந்த பதிலை ட்விட்டரில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் எம்.பி.யால் எந்த அமைச்சகத்துக்கும் தலைவலி வராது.

டிவியில் நாம் பார்ப்பது நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15. அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக்கேள்வி கேட்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் பட்டியலில் பாதிகூட முடியாது. நட்சத்திரம் இல்லாத கேள்விகளோ மக்களவையில் நாளொன்றுக்கு 230, மாநிலங்களவையில் 160. இவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். துணைக்கேள்வி கிடையாது என்பது பெரிய குறை. ஆனால் அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டாலும் பதில் வந்துவிடும். அமைச்சர் பெயரில், தேதி போட்டு, அவையில் வைக்கப்பட்ட ஆவணம் அது. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று பிறகு யாரும் நழுவ முடியாது. என்னைக் கேட்டால் கூச்சல் நிறைந்த கேள்வி நேரத்தைவிட இதுதான் கூர்மையான ஆயுதம்.

நடைமுறை இதுதான். கேள்வி எந்த நாளில் பதிலுக்கு வர வேண்டுமோ, அதற்குக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கிழமை என்று ஒதுக்கியிருப்பார்கள். ரயில்வேக்கு உரிய நாளில் சுகாதாரத்தைக் கேட்க முடியாது. மக்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 5 நோட்டீஸ் தரலாம். இடத்துக்கு மேல் கேள்விகள் குவிந்தால் குலுக்கல். அதனால்தான் ஒரே கட்சியின் நாலைந்து எம்.பி.க்கள் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கொடுப்பார்கள். ஒருவர் பெயராவது விழும். ஒரே பொருளில் பலர் கேட்டிருந்தால் பெயர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகவும் ஆக்கிவிடுவார்கள்.

மக்களவையில் கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதம், கிண்டல், ஊகம், குற்றச்சாட்டு எதுவும் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரம், ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டது, எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் இருப்பது, மத்திய அரசுக்கு நேரடிப் பொறுப்பில்லாதது எல்லாமே தள்ளுபடிக்குக் காரணங்கள். புது எம்.பி.க்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிக் காரணத்தில்தான் மாட்டுகிறார்கள். தொகுதியில் ஓர் அரசு மருத்துவமனையில் டாக்டர் இல்லை என்று கேட்டால், சுகாதாரம் மாநிலப் பட்டியல் என்று கேள்வியே ஏற்கப்படாமல் போகலாம், அல்லது அதையே பதிலாக எழுதிவிடுவார்கள். அதே விஷயத்தை, தேசிய சுகாதார இயக்கத்தில் அந்த மாநிலத்துக்கு ஆண்டுவாரியாக ஒப்புதல் அளித்த தொகை எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று கேட்டால் மத்திய அமைச்சகம் பதில் சொல்லியே தீர வேண்டும். பணம் எங்கிருந்து போகிறதோ அங்கே போய் நிற்க வேண்டும்.

கேள்வி அமைச்சகத்துக்குப் போனதும் என்ன ஆகிறது? அங்குள்ள நாடாளுமன்றப் பிரிவு அதை உரிய பிரிவுக்குத் தள்ளும். "இது எங்கள் விஷயம் இல்லை, வேறு அமைச்சகத்துக்கு மாற்றுங்கள்" என்ற இழுபறி முதல் ஒன்றிரண்டு நாட்களிலேயே நடக்கும். பிறகு பிரிவு அலுவலர் வரைவு எழுத, சார்புச் செயலர், இயக்குநர், இணைச் செயலர் என்று மேலே போய் அமைச்சரின் ஒப்புதலோடு முடியும். வரைவு எழுதுபவருக்கு இருப்பது சில நாட்கள்தான். கையில் இருக்கும் பழைய பதிலை எடுத்து, தேதியை மாற்றி ஒட்டுவதுதான் அவருக்கு எளிது. அதனால், ஒட்டவே முடியாத கேள்வியை எழுத வேண்டும். பழைய பதிலில் இல்லாத ஒரு தேதி, ஓர் எண், ஒரு கடிதம்: அதைக் கேட்டால்தான் கோப்பைத் திறப்பார்கள்.

மதுரை எய்ம்ஸை எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பரில் ரூ.1,264 கோடிக்கு அமைச்சரவை ஒப்புதல், 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல், 2021 மார்ச்சில் ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்காவோடு கடன் ஒப்பந்தம், திருத்திய மதிப்பீடு ரூ.1,977.80 கோடி. "மதுரை எய்ம்ஸ் பணிகள் தாமதமாவது அரசுக்குத் தெரியுமா? எப்போது முடியும்?" என்று கேட்டால் "பணிகள் பல்வேறு கட்டங்களில் உள்ளன, விரைவில் முடிக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று வரும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

(அ) கட்டுமான ஒப்பந்ததாரருக்குப் பணி ஆணை வழங்கிய தேதி, ஒப்பந்தப்படி பணியை முடிக்க வேண்டிய தேதி;
(ஆ) இதுவரை கால நீட்டிப்பு வழங்கப்பட்டதா; ஆம் எனில் எத்தனை முறை, ஒவ்வொன்றுக்கும் பதிவான காரணம்;
(இ) 2021-22 முதல் ஆண்டுவாரியாக ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை; இதில் ஜைக்கா கடனிலிருந்து பெற்ற தொகை;
(ஈ) இன்றைய தேதியில் ஒப்புதல் பெற்ற ஆசிரியர் பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, துறைவாரியாக.

இதில் "தாமதம்" என்ற சொல்லே இல்லை. ஆனால் பணி ஆணைத் தேதியையும் முடிக்க வேண்டிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டால் தாமதத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான்கு பிரிவுகளுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஏழெட்டு வைத்தால் "(அ) முதல் (எ) வரை" என்று மொத்தமாகச் சேர்த்து, பொதுவாக ஒரு பத்தி எழுதி, சங்கடமான ஒரு பிரிவை மட்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவார்கள். பதில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: எந்தப் பிரிவுக்குப் பதிலே இல்லை? இன்னொன்று, முதல் பிரிவை "...என்பது உண்மையா?" என்று அமைத்து மற்றவற்றை "ஆம் எனில் அதன் விவரம்" என்று அதில் தொங்கவிடாதீர்கள். முதலுக்கு "இல்லை ஐயா" என்று எழுதி, மீதி அத்தனைக்கும் "கேள்வி எழவில்லை" என்று போட்டுவிடுவார்கள். மூன்று வாரக் காத்திருப்பு நாலு சொல்லில் முடிந்துவிடும்.

சட்டக் கவசத்தைத் தெரிந்துகொண்டு அதைச் சுற்றிப் போவதும் ஒரு கலை. வங்கிக் கடனைக் கட்டாதவர்களின் பெயர் கேட்டால், ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45இ பிரிவைக் காட்டி மறுப்பார்கள். வங்கிவாரியாக, ஆண்டுவாரியாகக் கணக்கிலிருந்து நீக்கிய (write-off) கடன் தொகை எவ்வளவு, அதில் வசூலானது எவ்வளவு என்று கேட்டால் அட்டவணையே கிடைக்கும். வாராக்கடன் பற்றிப் பத்திரிகைகளில் வந்த பெரிய தலைப்புகள் பலவற்றுக்கு இந்த அட்டவணைகள்தான் மூலம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. "தகவல் இல்லை" என்பதற்கு 2020 செப்டம்பரைவிட நல்ல பாடம் கிடையாது. கொரோனாவால் அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே ரத்து செய்திருந்தார்கள், எழுத்துபூர்வப் பதில்கள் மட்டும் வந்தன. ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். அதே பதிலில், திரும்பிப் போனவர்கள் 1 கோடியே 4 லட்சத்துக்கும் மேல் என்று மாநிலவாரிக் கணக்கு மட்டும் இருந்தது. சில நாட்களிலேயே மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகம், அந்தத் தொழிலாளர்களுக்காக விடப்பட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணித்தபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக எண்ணைக் கொடுத்தது. அவர்களில் 87 பேரின் உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டதையும், 51 அறிக்கைகள் வந்திருந்ததையும் சேர்த்தே சொன்னது. காரணம் எளிது. ரயிலில் ஒருவர் இறந்தால் ரயில்வே போலீஸ் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும், பதிவேடு இருக்கும். தொழிலாளர் அமைச்சகத்தில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. ஆகவே, கேட்கும் முன் யோசிக்க வேண்டியது: இந்தச் சம்பவத்தை எந்தத் துறை, எந்தச் சட்டத்தின் கீழ், எந்தப் பதிவேட்டில் எழுதுகிறது?

2021 ஜூலையில் ஆக்சிஜன் விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் நேர்ந்ததாக மாநிலங்கள் "குறிப்பாக" எதையும் தெரிவிக்கவில்லை என்று சுகாதார அமைச்சகம் மாநிலங்களவையில் பதில் தந்தது. யாரும் இறக்கவில்லை என்று அந்தப் பதில் சொல்லவில்லை. மாநிலங்கள் எழுதி அனுப்பவில்லை என்று மட்டும் சொன்னது. இப்படி வந்தால் அடுத்த கேள்வி எண்ணைப் பற்றி இருக்கக் கூடாது. மாநிலங்களிடம் அந்தத் தகவலை எந்தத் தேதியிட்ட கடிதத்தில் கேட்டீர்கள், எந்தெந்த மாநிலம் பதில் தந்தது, தகவல் அனுப்பும் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா? எண் இல்லை என்று கைவிரிக்கலாம், தாம் எழுதிய கடிதத்தின் தேதி தெரியாது என்று சொல்ல முடியாது. எழுந்த சர்ச்சையில் மத்திய அரசு மாநிலங்களிடம் கேட்டு எழுதியது. டிசம்பரில் மக்களவையில், பதில் தந்த 19 மாநிலங்களில் பஞ்சாப் மட்டும் சந்தேகத்துக்குரிய 4 மரணங்களைத் தெரிவித்திருக்கிறது என்ற அளவுக்காவது பதில் நகர்ந்தது.

வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சகம் எழுதினால் அது ஓர் உறுதிமொழி. "பரிசீலனையில் உள்ளது" என்பதும் அப்படியே. நாடாளுமன்ற விவகார அமைச்சகம் இவற்றைப் பதில்களிலிருந்து பொறுக்கி எடுத்துக் கணக்கில் வைக்கும், மூன்று மாதத்தில் நிறைவேற்றி அறிக்கை வைக்க வேண்டும். தவறினால் அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது, மக்களவையில் 1953 முதல், மாநிலங்களவையில் 1972 முதல். அந்தக் குழு துறைச் செயலரையே வரவழைத்து உட்காரவைத்துக் கேட்கும். இதனால்தான் விவரமான அதிகாரிகள் "திரட்டப்பட்டு வருகிறது" என்று எழுதாமல் "மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்று எழுதுகிறார்கள். முன்னதில் கடிகாரம் ஓடத் தொடங்கும், பின்னதில் எந்தப் பொறுப்பும் இல்லை. உறுதிமொழி கிடைத்துவிட்டால் எம்.பி. அலுவலகம் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. அமைச்சகங்களும் நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கி, கடைசியில் உறுதிமொழியையே கைவிட அனுமதி கேட்கும்.

பதில் தவறு என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால் மக்களவையில் சபாநாயகரின் 115-வது வழிகாட்டு விதி இருக்கிறது. உறுப்பினர் சபாநாயகருக்கு எழுத, அவர் அமைச்சரிடம் விளக்கம் கேட்பார். தவறு என்றால் அமைச்சர் அவையில் திருத்த அறிக்கை வைப்பார். வேண்டுமென்றே பொய் சொன்னதாகக் காட்டினால்தான் உரிமை மீறல், அது அபூர்வம். பதில் அரைகுறை என்றால் 55-வது விதியில் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். மூன்று நாள் முன்னதாக, எந்த அம்சத்தில் பதில் போதவில்லை என்ற குறிப்போடு கொடுக்க வேண்டும். நேரம் கிடைப்பது அரிது, ஆனாலும் கேட்டுவைப்பது நல்லது.

ஒரு மழுப்பல் பதில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய உதாரணம் முந்த்ரா விவகாரம். 1957-இல் எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்டது பற்றிய கேள்விக்கு நேரடிப் பதில் வரவில்லை. பெரோஸ் காந்தி போன்ற எம்.பி.க்கள் விடவில்லை. கேள்விகள் விவாதமாகி, நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணையாகி, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இந்த ஆயுதத்துக்கு விலை வைத்தவர்களும் உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசியக் கேமராவில் பதிவானதால் 2005 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 11 எம்.பி.க்கள் நீக்கப்பட்டார்கள். ஒரு கம்பெனி தன் போட்டியாளரைப் பற்றி அமைச்சகத்தைக் கோப்பு திறக்கவைக்க இதுவும் ஒரு வழி. எனவே கேள்வியின் பின்னால் யாருக்கு என்ன லாபம் என்று பார்ப்பதிலும் தவறில்லை.

உங்கள் எம்.பி.யிடம் ஒரு கேள்வியைக் கொடுக்க விரும்பினால், மனுவாக எழுதாதீர்கள். எந்த அமைச்சகம், அதற்கு எந்தக் கிழமை, 150 சொல்லுக்குள் நான்கு பிரிவு, கூடவே நீங்கள் ஆதாரமாக வைத்திருக்கும் ஆவணத்தின் நகல்: இவ்வளவும் ஒரே பக்கத்தில், பதில் வேண்டிய நாளுக்கு நான்கு வாரம் முன்னால் அவருடைய உதவியாளர் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அதே பொருளில் வந்த பழைய பதில்களைத் தேடிப் படித்துவிடுங்கள். போன பதிலின் கேள்வி எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அதில் விட்டுப்போனதை மட்டும் கேட்டால், ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது என்று தள்ளவும் முடியாது, பழைய பதிலை மறுபடி ஒட்டவும் முடியாது.