ஸ்கேனரின் பேட்டரி மூடி எழும்பி நிற்கிறதா?

கேள்வி: கிடங்கில் ஆறு வயர்லெஸ் பார்கோடு ஸ்கேனர்கள் வைத்திருக்கிறோம். இரவு முழுக்க சார்ஜர் ஸ்டாண்டிலேயே இருக்கும். ஒன்றில் பேட்டரி மூடி சரியாக உட்காரவில்லை. ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறோம். தொடரலாமா? அதன் சிவப்பு ஒளி கண்ணுக்குக் கெடுதலா?

பதில்: தயவுசெய்து தொடராதீர்கள். அந்த ஸ்கேனரை உடனே அணைத்து, சார்ஜரிலிருந்து எடுத்துவிடுங்கள். பேட்டரி இழுக்காமலே வெளியே வந்தால், அதைச் சமதளமான மேசையில் வைத்து ஒரு மூலையை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஆடினால் உப்பியிருக்கிறது என்று பொருள். சிக்கிக்கொண்டிருந்தால் நெம்ப வேண்டாம், ஸ்கேனரோடு சேர்த்தே ஒதுக்குங்கள்.

லித்தியம் அயன் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாவதால்தான் இந்த உப்பல். உள்ளே இரு மின்முனைகளையும் பிரிப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். ரப்பர் பேண்டின் அழுத்தம் அதன்மேல்தான் விழுகிறது. அது கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, நொடிகளில் தீப்பிடிக்கலாம். ஊசியால் குத்திக் காற்றை இறக்குவோரும் உண்டு. அந்த வாயுவே எரியக்கூடியது!

உப்பிய பேட்டரியின் உலோக முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட இரும்பு டப்பாவில், அட்டைப்பெட்டிகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டப்பாவை இறுக மூட வேண்டாம். பிறகு மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால் அங்கே நசுங்கித் தீப்பிடிக்கும்.

இரவு முழுக்க ஸ்டாண்டில் விடுவது தனியாகப் பெரிய தவறல்ல. நல்ல சார்ஜர் 4.2 வோல்ட்டில் நிறுத்திவிடும். கெடுப்பது, முழு சார்ஜோடு சேர்ந்த சூடு. ஸ்டாண்டு வெயில் படும் ஜன்னலோரமோ இயந்திரத்தின் மேலோ இருந்தால் இடம் மாற்றுங்கள். பெரும்பாலான பேட்டரிகளை 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள்தான் சார்ஜ் செய்யலாம். குளிர்பதன அறையில் பயன்படுத்திய ஸ்கேனரை வெளியே எடுத்ததும் சார்ஜில் போடக் கூடாது. உறைகுளிரில் சார்ஜ் ஏறினால் லித்தியம் உலோகமாகப் படிந்து, அதுவே பின்னால் ஷார்ட்டுக்கு வழிவகுக்கும். அறை வெப்பத்துக்கு வந்து, மேலே பூத்த ஈரம் காயட்டும்.

மாற்று பேட்டரி வாங்கும்போது வோல்ட்டும் அளவும் பொருந்தினால் போதாது. பல பேட்டரிகளில் மூன்றாவதாக ஒரு முனை இருக்கும். சூட்டைச் சார்ஜருக்குச் சொல்வது அதுதான். சில போலிகளில் அதற்குப் பின்னால் வெப்ப உணரிக்குப் பதில் வெறும் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரி எவ்வளவு கொதித்தாலும் சார்ஜருக்குத் தெரியாது. ஸ்கேனர் தயாரிப்பாளர் குறிப்பிட்ட மாடலையே வாங்குங்கள். உபரி பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

சிவப்பு ஒளியைப் பற்றி: லேபிளில் 'லேசர் வகுப்பு 2' என்றிருந்தால் அதன் திறன் 1 மில்லிவாட்டுக்கு மேல் போகாது. தற்செயலாகப் பட்டால் கண் தானே இமைத்துக் காத்துக்கொள்ளும். வேண்டுமென்றே உற்றுப் பார்ப்பதும், விளையாட்டாக இன்னொருவர் முகத்தில் அடிப்பதும்தான் ஆபத்து.