‘முடியாது’ன்னு ஒருத்தன் மட்டும் சொன்னா?

கேள்வி: என் பொண்ணுக்கு 14 வயசு. ராபர்ட் கார்மியரோட ‘தி சாக்லேட் வார்’ நாவலை ரெண்டே நாள்ல முடிச்சுட்டு, “இப்படியா முடிப்பாங்க?”ன்னு புக்கை தூக்கி வீசிட்டா, அன்னிக்கு முழுக்க யாரோடயும் பேசல. ஸ்கூல் கதைதானேன்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன். இந்த வயசுல இப்படி ஒரு கதை தேவையா சார்?

பதில்: வீசினான்னா ஒழுங்கா படிச்சிருக்கான்னு அர்த்தம்ங்க, கவலைப்படாதீங்க. படிக்காதவங்களுக்காக கதையை சொல்லிடறேன், முடிவோட சேர்த்துதான், அதை விட்டுட்டு இதைப் பத்தி பேச முடியாது.

அமெரிக்காவுல டிரினிட்டின்னு ஒரு கத்தோலிக்க ஆண்கள் ஸ்கூல், ஹெட்மாஸ்டருக்கு உடம்பு முடியலன்னு பிரதர் லியோன்னு ஒருத்தர் பொறுப்புல உக்காந்திருக்கார், அன்னையர் தினத்துல விக்காம தங்கிப்போன சாக்லேட் சல்லிசா வருதுன்னு 20,000 டப்பாவை வாங்கிப் போட்டுட்டு 400 பசங்க தலையில ஆளுக்கு 50ன்னு கட்டிடறார். போன வருஷம் டப்பா ஒரு டாலர், ஆளுக்கு 25தான். இந்த வருஷம் ரெண்டு டாலர். இஷ்டம் இருந்தா விக்கலாம்னு பேருக்கு சொல்றது, ஆனா தினமும் அட்டெண்டென்ஸ் எடுக்கற மாதிரி பேரைக் கூப்பிட்டு எத்தனை வித்தேன்னு கேப்பார். அதுல ஜெர்ரிங்கற புதுப் பையன் மட்டும் முடியாதுங்கறான்.

இதுல ஒண்ணு கவனிங்க. முதல் பத்து நாள் அவன் சொன்னது அவன் முடிவே இல்ல, அந்த ஸ்கூல்ல விஜில்ஸ்னு ஒரு ரகசிய கேங் இருக்கு, அதுல யாருக்கு என்ன வேலைன்னு முடிவு பண்றவன் ஆர்ச்சி, அவங்க குடுத்த வேலை அது. பத்து நாள் ஆனதும் சரின்னு சொல்லி டப்பாவை வாங்கிக்கணும். அந்த நாள் வருது, பேர் கூப்பிடறாங்க, இவன் வாயில மறுபடியும் ‘முடியாது’தான் வருது. ஏன் சொன்னான்னு அவனுக்கே சரியா பிடிபடல. பெரிய கொள்கை, வீர வசனம்னு ஒண்ணும் கிடையாது, சும்மா வந்துடுச்சு, வந்ததை திரும்ப வாங்கிக்க மனசு வரல. எனக்கு இந்த நாவல்ல ரொம்ப பிடிச்ச இடமே இதுதான், நிஜத்துல முக்காவாசி எதிர்ப்பு இப்படித்தானே ஆரம்பிக்குது.

அப்புறம் நடக்கறதுதான் உங்க பொண்ணை அழுத்தியிருக்கும். ராத்திரி போன் வரும், எடுத்தா யாரும் பேச மாட்டாங்க, லாக்கரை நாசம் பண்றாங்க, அடிக்கறாங்க, எல்லாத்துக்கும் மேல ஒருநாள் அவன் அங்க இல்லவே இல்லங்கற மாதிரி மொத்த ஸ்கூலும் அவனைத் தாண்டிப் போகுது. அடி ஆறிடும்ங்க, இது ஆறாது. கடைசில மொத்த ஸ்கூலும் சுத்தி உக்காந்து கத்த, சண்டை மேடையில தாடை உடைஞ்சு விழறான். அடிபட்டுக் கிடக்கும்போது அவன் தன் ஃப்ரெண்டுக்கு சொல்ல நினைக்கறது, எதிர்த்து நிக்காத, அவங்க சொல்றதை செஞ்சுடுங்கறதுதான்.

தேவையான்னு கேட்டா, தேவைதான்னு சொல்வேன். எதிர்த்து நின்னா கடைசில எல்லாரும் கைதட்டுவாங்கன்னு சொல்ற கதைங்க ஏற்கெனவே நிறைய இருக்கு. நிஜமா மாட்டிக்கிட்ட ஒரு குழந்தை அதைப் படிச்சா, எனக்கு மட்டும் ஏன் யாரும் கைதட்டலன்னு தன்னையே குத்தம் சொல்லிக்கும். ஆனா தனியா விட்டுடாதீங்க, நீங்களும் படிங்க, படிச்சுட்டு எந்த இடத்துல கோவம் வந்துச்சுன்னு மட்டும் கேளுங்க. அறிவுரை வேண்டாம், புக்கு மாதிரி உங்களையும் வீசிடுவா.

கேள்வி: அதே நாவலை நானும் படிச்சேன். வில்லன் ஆர்ச்சியா, பிரதர் லியோனா?

பதில்: ஆர்ச்சி யாரையும் கை வச்சு அடிக்கவே மாட்டான், மத்தவங்களை வச்சே எல்லாம் நடத்துவான், அதனால அவன்தான்னு தோணும். நான் லியோன் பேரைத்தான் சொல்வேன். பெய்லின்னு ஒரு பையனை கிளாஸ் முன்னாடி நிக்க வச்சு, எல்லா சப்ஜெக்ட்லயும் முதல் கிரேடு வாங்கறியே, அப்ப காப்பிதானே அடிக்கறன்னு போட்டு வாட்டுவார், கிளாஸ் பூரா பாத்துட்டு உக்காந்திருக்கும். ரொம்ப நேரம் கழிச்சு பின்னாடி இருந்து ஒரு குரல், அவனை விட்டுடுங்கன்னு வரும். உடனே அப்படியே பிளேட்டை மாத்தி, இவ்ளோ நேரம் சும்மா பாத்துட்டு இருந்தீங்களே, இந்த கிளாஸை நாஜி ஜெர்மனி ஆக்கிட்டீங்களேன்னு பசங்களையே திட்டுவார் பாருங்க! அவர் சொல்றது உண்மைதான், ஆனா அதை சொல்ற யோக்கியதை அவருக்கு இல்ல. கடைசி சண்டையையும் இதே மனுஷன் தூரத்துல நின்னு வேடிக்கை பாக்கறார். பெரியவங்க கண்ணை மூடிக்கலன்னா ஆர்ச்சி மாதிரி ஆளுங்களால ஒரு வாரம்கூட தாக்குப்பிடிக்க முடியாது.

கேள்வி: இதெல்லாம் நிஜமா நடந்ததா?

பதில்: பாதி. கார்மியரோட பையன் நிஜமாவே ஸ்கூல்ல குடுத்த சாக்லேட்டை விக்க மாட்டேன்னு திருப்பிக் குடுத்தான், அவனுக்கு ஒண்ணும் ஆகல. ஆயிருந்தா என்னன்னு அப்பா யோசிச்சதுதான் 1974ல வந்த நாவல். 2004ல அமெரிக்க நூலக சங்கத்தோட லிஸ்ட்ல, லைப்ரரில இருந்து எடுங்கன்னு அதிகமா புகார் வந்த புக்குல முதல் இடம் இதுக்குத்தான்.

கேள்வி: படம் பாத்தா போதுமா?

பதில்: 1988 படத்துல முடிவை மாத்திட்டாங்க, ஜெர்ரி ஆர்ச்சியை அடிச்சு ஜெயிக்கறான். புக்கை வீசினவங்க வேணா ஆறுதலுக்கு பாக்கலாம்.

கேள்வி: அந்த ஸ்கூல்ல நீங்க படிச்சிருந்தா யாரா இருந்திருப்பீங்க? ஜெர்ரின்னு மட்டும் சொல்லாதீங்க.

பதில்: சொல்லலங்க. கூபர்னு ஒரு பையன் வர்றான், ஜெர்ரியோட ஃப்ரெண்ட். அவனுக்காக 27 டப்பாவோட விக்கறதை நிறுத்திடுவான். ஆனா ஒருநாள் அவனும் 50 வித்துட்டான்னு விஜில்ஸ் பசங்க எழுதி, படிச்சு, கைதட்டிடுவாங்க. இல்ல, நான் 27தான்னு சொன்னா போதும், சொல்ல மாட்டான். போய் லாக்கர் முன்னாடி நின்னு அழுவான்.

ஏழாவது படிக்கும்போது எங்க கிளாஸ்ல திக்கித் திக்கிப் பேசற ஒரு பையனை எழுப்பி விட்டு, அவன் பேரை அவனையே திரும்பத் திரும்ப சொல்ல வைப்பாங்க. நான் அவன் பக்கத்து சீட்டு. அந்த நேரம் பாத்து எனக்கு பைக்குள்ள பென்சில் தேடற வேலை வந்துடும்.