கொழுஞ்சி முளைக்கவில்லையா? தோலைத் தேயுங்கள்

மூன்று வாரமாகியும் கொழுஞ்சி (மண்ணுக்கு உரமாக மடக்கி உழும் பசுந்தாள் செடி) முளைக்கவில்லை, விதை சொத்தையா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இருக்காது. அதன் விதைத்தோல் கெட்டி, தண்ணீரை உள்ளே விடாது. மீதி விதையை ஆற்று மணலோடு சேர்த்து, தோலில் கீறல் விழும் அளவுக்கு அழுத்தித் தேயுங்கள். அப்புறம் ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதையுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்கலாம். முன்பு விதைத்த இடத்தைக் கொத்திவிடாதீர்கள், அடுத்த மழைக்குக்கூட எழும்பும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி, பிடுங்கி நட்டால் சரிப்படாது. தண்ணீரும் தேங்கக் கூடாது.

வளர்ந்தது கொழுஞ்சிதானா என்று சந்தேகம் வந்தால், ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுங்கள். நேராகக் கிழியாது, அம்புமுனை மாதிரி பிய்ந்து வரும். மாடு அவ்வளவாகச் சீண்டாது, வேலிச் செலவு மிச்சம்.